கூரைத் துணியைக் கழற்றாமல் அம்பாசடரின் ரூம் லைட்டை மறுபடி எரியவைப்பது

குன்னூரிலிருந்து நீங்கள் கேட்டதன் சாரம் இது: வீட்டில் 1967 மாடல் மார்க் 2 அம்பாசடர் இருக்கிறது. சில வருடங்களாக ரூம் லைட் எரியவில்லை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், கூரைத் துணியை முழுசாகக் கழற்றி வயர் புதிதாக இழுத்தால்தான் ஆகும் என்கிறார். எந்த வயர் வாங்குவது, எல்.இ.டி. போடலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குமுன் தீர்க்கவேண்டியவை இரண்டு இருக்கின்றன. வயர்தான் போயிற்று என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? போயிருந்தாலும் துணியைக் கழற்றாமல் மாற்ற முடியாதா? முதலாவதை அரை மணி நேரத்தில் நீங்களே தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலான வண்டிகளில் பதில், முடியும் என்பதுதான். துணியைத் தொடுவதைக் கடைசி வரை தள்ளிப்போடுங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் கூரைத் துணியின் ஓரங்கள் பெரும்பாலும் முன்கண்ணாடி, பின்கண்ணாடி ரப்பர்களுக்கு அடியில் போய் ஒட்டியிருக்கும். முழுசாக எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கும். அறுபது வருட ரப்பர் கழன்றால் திரும்ப உட்காராது. ஐப்பசி மழையில் டேஷ்போர்டு நனையும்போது ரூம் லைட் யாருக்கு வேண்டும்?

இந்த விளக்கின் சர்க்யூட் மிக எளிது, ஆனால் வீட்டு வயரிங் பழகியவர்களைக் குழப்பும். வீட்டில் லைவ் வயரில் சுவிட்ச் இருக்கும். இங்கே லைவ் எப்போதும் பல்பு வரைக்கும் வந்து நிற்கும். சுவிட்ச் இருப்பது எர்த் பக்கத்தில், அதாவது கரண்ட் வண்டியின் உலோக உடலான பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கத்தில். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வயரிங் உள்ள, அம்பாசடர் போன்ற பிரிட்டிஷ் வழி வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியின் ஏ2 முனையிலிருந்து ஊதா நிற வயர் விளக்குக்கு வரும். பல்பின் மறுமுனையிலிருந்து ஒரு வழி விளக்கிலேயே இருக்கும் சுவிட்ச் மூலமாகக் கூரைத் தகட்டுக்குப் போகும். கதவு சுவிட்ச் உள்ள வண்டிகளில் இன்னொரு வழி, ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட வயராகக் கதவுத் தூணுக்கு இறங்கும். கதவு திறந்தால் அங்குள்ள பொத்தான் வெளியே வந்து அந்த வயரை பாடியில் தொடவைக்கும். பல இந்திய வண்டிகளில் கதவு சுவிட்சே கிடையாது, விளக்கின் சுவிட்ச் மட்டும்தான். நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். நூல் சுற்றிய பழைய வயரில் ஊதா வெளுத்துப் பழுப்பாகத் தெரியும். அந்தக் குறியீட்டில் பழுப்பு என்றால் ஃபியூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயர். அறுபது வருடத்தில் எத்தனை பட்டறைகளின் கை பட்டதோ, கையில் கிடைத்த நிறத்தைச் செருகியிருப்பார்கள்.

மலையில் இந்த விளக்கு செத்துப்போவதற்குக் காரணங்கள் சமவெளியிலிருந்து கொஞ்சம் வேறு. ராத்திரி கூரைத் தகடு குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் ஈரம் தகட்டின் உட்புறத்தில் நீர்த்துளியாகப் படியும். விளக்கின் பித்தளைக் கிளிப்பில் பச்சைக் களிம்பும், அதைக் கூரையோடு பிடிக்கும் திருகில் துருவும் ஏறுவது இதனால்தான். திருகுதான் பல விளக்குகளில் எர்த் என்பதால் துரு ஏறினால் விளக்கு போச்சு. மூடிய ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நூல் சுற்றிய வயர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். என் கணிப்பில் கோளாறு இருக்க வாய்ப்புள்ள இடங்களின் வரிசை: எர்த், பல்பு கிளிப், கதவு சுவிட்ச், அப்புறம்தான் வயர்.

சோதனைக்கு மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் நம்பகமானது. 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு வயர், முனையில் முதலைக் கிளிப், இவ்வளவு போதும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் மிகமிகக் குறைவு. இருபது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்று காட்டிவிடும். டெஸ்ட் லேம்ப் மலிவான வேலையானாலும் 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கரண்ட் போகிற வயர் நல்ல வயர். மீட்டரில் இன்னொரு பொறியும் உண்டு. பல்பு மாட்டிய நிலையில், சுவிட்ச் அணைந்திருக்கும்போது பாடிக்கும் பல்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்தால் இரண்டிலும் 12 வோல்ட் காட்டும். கரண்ட் ஓடாததால் ஃபிலமெண்டில் வோல்டேஜ் குறையாது, அதனால் அப்படி. இதைப் பார்த்துவிட்டு "ரெண்டு பக்கமும் லைவ் வருது, உள்ளே ஷார்ட்" என்று முடிவுகட்டி நல்ல வயரை அறுத்துப்போட்டவர்கள் உண்டு. ஆகவே பல்பைக் கழற்றிவிட்டுத்தான் சோதனை.

விளக்கின் மூடியை எடுத்து, பல்பைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைச் சுத்தமான உலோகத்தில், உதாரணமாகக் கதவுக் கீலின் போல்ட்டைச் சுரண்டிவிட்டு அதில், மாட்டுங்கள். மறுமுனையை இரண்டு கிளிப்பிலும் மாறி மாறி வையுங்கள். ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் லைவ் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கூரை வழியாகப் புது லைவ் இழுக்கும் பேச்சுக்கே இடமில்லை. எதிலும் எரியவில்லை என்றால் ஹாரனை அழுத்திப் பாருங்கள். இந்த வயரிங்கில் ஹாரனும் பெரும்பாலும் அதே ஏ2 ஃபியூஸில்தான் இருக்கும். ஹாரன் அடித்தால் ஃபியூஸ் சரி, ஃபியூஸ் பெட்டிக்கும் விளக்குக்கும் நடுவில்தான் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. மங்கலாக எரிந்தால் வயர் அறவில்லை, எங்கோ ஒரு இணைப்பு அரித்திருக்கிறது. அநேகமாக டேஷ்போர்டுக்கு அடியிலிருக்கும் புல்லட் கனெக்டர், அதாவது குண்டு வடிவ முனையைச் சிறு குழாயில் செருகும் இணைப்பு.

அடுத்தது எர்த் பக்கம். லைவ் உள்ள கிளிப்பில் டெஸ்ட் லேம்பின் ஒரு முனை, மற்ற கிளிப்பில் மறுமுனை. விளக்கின் சுவிட்சைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த்தும் சரி. அப்படியானால் பல்பு போயிருக்கிறது, இல்லை கிளிப் தளர்ந்திருக்கிறது. சுவிட்ச் போட்டும் எரியாமல், லைவ் இல்லாத கிளிப்பில் இருக்கும் முனையை எடுத்துக் கதவுக் கீலில் வைத்தால் எரிகிறது என்றால் போனது எர்த். இதற்கு அரை மீட்டர் கறுப்பு வயர்கூட வேண்டியதில்லை, திருகைக் கழற்றித் துருவைச் சுரண்டினாலே பல நேரம் முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். எந்தக் கதவில் எரியவில்லையோ அந்த சுவிட்சில்தான் வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் லைவ் வயர்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், அல்லது விளக்கை இறக்கிப் பார்க்கும்போது ரப்பர் உறை விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தால், மாற்றியே ஆக வேண்டும். எரிகிறதே என்று உதிரும் உறையை விட்டுவைக்காதீர்கள். அந்த வயர் எப்போதும் லைவ், சாவியை எடுத்த பிறகும். ஏ2 இடத்தில் லூகாஸ் போட்ட 35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸின் எண் அது எரிந்துபோகும் அளவைச் சொல்வது; தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய அதில் பாதி. இன்று பல கடைகளில் கிடைக்கும் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் தொடர்ந்து 35 தாங்கும் என்று பொருள். கேட்டு வாங்குங்கள், தெரியவில்லை என்றால் 15 அல்லது 17 போடுங்கள். எப்படியானாலும் ரூம் லைட்டின் மெல்லிய வயருக்கு அந்த ஃபியூஸ் பாதுகாப்பே அல்ல. தலைக்குமேல், பழைய துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஓடும் வயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் சிவந்துவிடும். ஆகவே புது வயரில் ஃபியூஸ் பெட்டியை ஒட்டியே, ஒரு சாண் தூரத்துக்குள், தனியாக ஒரு இன்லைன் ஃபியூஸ் ஹோல்டர் (வயரின் நடுவிலேயே மாட்டுவது) வைத்து அதில் 3 ஆம்பியர் போடுங்கள். பத்து வாட் பல்பு எடுப்பது 0.83 ஆம்பியர்தான். குளிர்ந்த ஃபிலமெண்ட் முதல் நொடித் துளியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் 1 ஆம்பியர் போட்டால் அடிக்கடி போகலாம். இந்த முழு வேலையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இந்த ஃபியூஸைச் செய்யுங்கள்.

வயர் 0.75 சதுர மி.மீ., பல இழை செம்பு, வண்டிக்கென்று விற்கும் பி.வி.சி. உறை. கரண்டுக்கு 0.5 போதும். நான்கு மீட்டர் 0.75 வயரில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாக ஓடினால் இழப்பு 0.1 வோல்ட்டைத் தாண்டாது. தடிமன் கூட்டுவது இழுக்கும்போது அறாமல் இருக்க. வீட்டு வயரிங் மிச்சத்தைப் போடலாமா என்றால், வேண்டாம். அதன் இழைகள் தடிப்பாகவும் குறைவாகவும் இருக்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பாடி முறுக்கிக் குலுங்கும்போது, வளையும் இடத்தில் அது முதலில் முறியும். நீளம் விளக்கிலிருந்து முன்கண்ணாடித் தூண் வழியாக ஃபியூஸ் பெட்டி வரை நான்கு மீட்டருக்குள் அடங்கும். கதவு சுவிட்சையும் சேர்த்து மாற்றுவதானால் பத்து மீட்டராக வாங்குங்கள். ஊதா கிடைக்காவிட்டால் வேறு நிறம் போடலாம், ஆனால் இரு முனையிலும் ஊதா ஸ்லீவ் ஒரு துண்டு மாட்டுங்கள். அடுத்து வருகிறவர் வாழ்த்துவார். பொருட்கள் ஊட்டியிலோ குன்னூரிலோ அகப்படாவிட்டால் கோயம்புத்தூரில் கிடைக்கும். பழைய விளக்கு மூடி, கதவு சுவிட்ச் மாதிரியானவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

வேலை தொடங்குமுன் பேட்டரியில் பாடியோடு போல்ட் போட்டிருக்கும் லீடைக் கழற்றுங்கள். நெகட்டிவ் என்று சொல்லாமல் பாடி லீட் என்று சொல்வதற்குக் காரணம், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. உங்களுடையது எது என்று தொலைவிலிருந்து சொல்ல முடியாது. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். பாடிக்குப் போகும் பட்டை எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் லைவ் லீடைக் கழற்றப் போய் ஸ்பேனர் பானட்டில் இடித்தால் தீப்பொறி பறக்கும், அதற்காகத்தான் இந்த வரிசை.

இழுக்கும் முறை பாவாடைக்கு நாடா கோர்ப்பதுதான். விளக்கின் திருகுகளை எடுத்து மெதுவாக இறக்குங்கள். வயரைக் கழற்றுமுன் அதில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கூரைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். கீழே அது எந்தத் தூணில் இறங்குகிறது என்று, தூண் மேல் உறையைச் சற்றே நெகிழ்த்திப் பாருங்கள். பழைய வயரின் முனையில் புது வயரையும் நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டி, முடிச்சு தடிக்காமல் டேப்பை இறுக்கிச் சுற்றி, ஒருவர் மேலிருந்து ஊட்ட ஒருவர் கீழிருந்து இழுக்க வேண்டும். சிக்கினால் பலம் கொடுக்காதீர்கள், பின்னே தள்ளி மறுபடி இழுங்கள். உள்ளே துணியைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றன. வயரை அவற்றுக்கு மேலே, தகட்டுப் பக்கம் விட வேண்டும். கம்பிக்கும் துணிக்கும் நடுவில் வந்தால் வெளியில் கோடாகத் தெரியும், நாளாக ஆக உரசும். எங்காவது தகட்டோடு கிளிப் போட்டுப் பிடித்திருந்தால் பழைய வயர் அசையவே அசையாது. அப்போது அதை அங்கேயே விட்டுவிட்டு, இரு முனையையும் டேப் போட்டு அடைத்துவிட்டு, பைக் பிரேக் கேபிளின் உள்கம்பி போன்ற வளையும் கம்பியை விளக்கின் துளையிலிருந்து தூண் நோக்கி விட்டுப் புது வழி பிடியுங்கள். கம்பியின் முனையை மடக்கி டேப் சுற்றுங்கள், கூர் முனை துணியைக் குத்திவிடும். இந்த வேலையைப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு, வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். குளிரில் கூரையின் ரெக்சின் துணி விறைத்திருக்கும், ஓரத்தை நெகிழ்த்தினால் கிழியும். வயரும் குளிரில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

என்ஜின் பக்கத்திலிருந்து தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பில் மாட்டும் வளையம்) இல்லாமல் விடக்கூடாது. பழைய வயர்க் கட்டு போகும் துளையிலேயே சேர்த்து விடுங்கள், புதுத் துளை வேண்டாம். இணைப்புகளைக் கிரிம்ப் செய்வது, அதாவது இடுக்கியால் நசுக்கி இறுக்குவது, நல்லது. சால்டர் செய்வதானால் இணைப்புக்கு இருபுறமும் வயர் ஆடாமல் கட்டிவிட வேண்டும், ஈயம் ஏறிய இடத்தின் விளிம்பில்தான் குலுக்கலில் முறியும். பழைய செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது. இரண்டு மூன்று செ.மீ. வெட்டிப் பாருங்கள், அப்போதும் கறுப்பென்றால் அந்த வயர் முழுவதும் முடிந்தது. ரேடியேட்டர் பற்றவைக்கும் ஆசிட்டை வயர்ப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அது உள்ளே தங்கி ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்னும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசையும் அப்படித்தான், மழைநீர் அடைக்க என்று அதை எடுத்து இணைப்பின்மேல் பூசிவிடாதீர்கள். மேலுறைக்கு இன்சுலேஷன் டேப்பைவிட, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சிறந்தது.

எர்த்துக்கு, விளக்கின் திருகு உட்காரும் தகட்டை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, வாஸ்லின் மெல்லப் பூசி, புதுத் திருகு போடுங்கள். அங்கே தகடு துருவில் ஓட்டையாகியிருந்தால் விளக்கிலிருந்து ஒரு கறுப்பு வயரையும் லைவ் வயரோடு சேர்த்தே இழுத்து டேஷ்போர்டுக்கு அடியில் பாடியில் மாட்டிவிடுங்கள். இரண்டு வயரையும் ஒரே தடவையில் இழுப்பது சுலபம் என்பதால், லைவ் மாற்றுகிற யாருக்கும் நான் இதையே சொல்வேன். கதவு சுவிட்சும் திருகு வழியாகத்தான் எர்த் ஆகிறது. கழற்றும்போது வயர் தூணுக்குள் விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு தொங்கியிருந்தால் பொத்தான் முழுக்க அழுந்தாமல் விளக்கு அணையாமல் இருக்கும். அதற்கு மருந்து கீலில் இருக்கிறது, வயரில் இல்லை. வெள்ளைக் கோடு போட்ட வயர் தகட்டில் பட்டாலும் இதே அறிகுறிதான்: ஃபியூஸ் போகாது, விளக்கு அணையாது. பத்து வாட் பல்பு ஒரு நாள் முழுக்க எரிந்தால் 20 ஆம்பியர்-ஹவர் போய்விடும். குளிரில் 50 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அதற்குப் பிறகு என்ஜினைச் சுழற்றத் திணறும்.

எல்.இ.டி. போடலாம், இரண்டு எச்சரிக்கையோடு. பல்புக்குத் திசை கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதைத் திருப்பி மாட்ட வேண்டும். உலோக உடல் பாடியோடு சேரும் வகையில் இருந்தால் திருப்பவே முடியாது. இருமுனைக் குழாய் வடிவப் பல்பு என்றால் திருப்பிப் போடலாம். இரண்டாவது நம் ஊர்ப் பிரச்சினை: ஈரமான கதவு சுவிட்சில் கசியும் சில மில்லி ஆம்பியர் சாதாரணப் பல்பை ஒன்றும் செய்யாது, எல்.இ.டி.யை இரவெல்லாம் மங்கலாக எரியவைக்கும். நீளம் முக்கியம். பழையதை அளந்து 36, 39, 42 மி.மீ. என எதுவோ அதையே வாங்குங்கள். நீளம் குறைந்ததைப் போட்டுக் கிளிப்பை வளைத்தால் பழைய பித்தளை முறிந்துவிடும். வெளிச்சம் போதவில்லை என்று 21 வாட் பல்பு போடாதீர்கள், மூடி மஞ்சளாகி வளைந்துவிடும். வோல்டேஜ் 12-லிருந்து 10.5-க்கு இறங்கினாலே பல்பின் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எர்த்தைச் சரி செய்ததும் அதே பழைய பல்பு எவ்வளவு எரிகிறது என்று பார்த்துவிட்டு எல்.இ.டி. பற்றி யோசியுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை பாக்கி. கதவுகளை மூடி, சாவியை எடுத்து, பாடி லீடைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துச் சேருங்கள். மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, கதவையும் திறக்காதீர்கள். கடிகாரமோ ஸ்டீரியோவோ இல்லாத, டைனமோ வண்டி என்றால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். 0.4 ஆம்பியர் வந்தால் எங்கோ ஒரு 5 வாட் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் மீட்டரை மில்லி ஆம்பியருக்கு மாற்றி இன்னொரு முறை பாருங்கள். பத்து இருபது காட்டினால் ஈரக் கசிவு. மீட்டரை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து ஒரு கதவு சுவிட்சின் வயரைக் கழற்றி, கதவை மூடி மறுபடி அளந்து, இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் எதைக் கழற்றியபின் எண் விழுகிறதோ அந்தத் தூணில் கசிவு இருக்கிறது. இதை வெயில் நாளில் ஒரு தடவை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஒரு தடவை செய்யுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் வண்டி எந்தப் பக்க எர்த் என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.